பழைய ஹைலக்ஸ் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106. இலங்கையில் ‘டபுள் கேப்’ என்றாலே பலருக்கும் முதலில் கண்ணில் வருவது இதுதான். உள்ளே இருப்பது 3எல் டீசல் எஞ்சின், 2,779 சிசி. நம்மூர் ‘டொல்பின்’ ஹையேஸ் வானில் ஓடுவதும் இதே எஞ்சின் என்பதால் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை, தெரிந்த பாஸ்மாருக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. வாகனம் காலையில் நாலு தடவை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது, பிடித்த பிறகும் நின்ற இடத்தில் உதறுகிறது என்று சொன்னால், உடனே வரும் பதில் “பம்ப் போயிட்டுது, பம்ப் ரூமுக்குக் கொடுக்க வேணும்” என்பதுதான்.

பம்ப் என்று சொல்வது எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பை; பம்ப் ரூம் அதைப் பழுதுபார்க்கும் கடை. பம்பும் கெட்டுப்போகும்தான். ஆனால் இந்த எஞ்சினில் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய சாமான், செலவிலும் அதுதான் பெரியது. அதற்கு முன்னால் கெடக்கூடிய மலிவான பொருட்கள் ஒரு வரிசையே இருக்கின்றன. அந்த வரிசைப்படி போவதுதான் கீழே உள்ள முறை. 2எல், 5எல் எஞ்சின்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். ஒரு எச்சரிக்கை: பின்னாளில் வந்த ஹைலக்ஸ் வீகோ காலத்திலிருந்து வரும் கொமன் ரெயில் (டீசலை ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும்) எஞ்சின்களில் கீழே சொல்லும் ‘பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும்’ வேலையைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் பல மடங்கு அதிகம், ஆளையே காயப்படுத்தும்.

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 22 மடங்குக்கு மேல் அமுக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சி எரிய வைக்கிறது. அப்படியென்றால் ஸ்டார்ட் ஆக நான்கு விஷயம் வேண்டும்: எஞ்சின் போதுமான வேகத்தில் சுழல வேண்டும், அமுக்கம் இருக்க வேண்டும், குளிரில் ஹீட்டர் பிளக் (சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக்) சூடேற வேண்டும், காற்றுக் கலக்காத டீசல் சரியான நேரத்தில் வர வேண்டும். இந்த நான்கில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

முதலில் கேள்வி, அப்புறம் சாவி

பொனட்டைத் திறக்கும் முன் இரண்டு மூன்று நாள் வாகனத்தைக் கவனியுங்கள். எப்போது அடம்பிடிக்கிறது?

இரவு முழுக்க நின்ற பிறகு மட்டும்தான், பகலில் எத்தனை தடவை நிறுத்தினாலும் ஒரே அடியில் பிடிக்கிறது என்றால் ஹீட்டர் பிளக், டீசல் லைனில் காற்று, பலவீனமான பற்றரி ஆகிய மூன்றில் ஒன்று. ஏற்றத்தில் மூக்கை மேலே வைத்து நிறுத்தினால் மோசம், சமதரையில் பரவாயில்லை என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாகக் காற்று. டீசல் தாங்கிப் பக்கம் வடிந்துவிடுகிறது. குளிரில் நன்றாகப் பிடித்து, நீண்ட தூரம் ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் பிடிக்க மறுக்கிறது என்றால் கதை வேறு. அங்கேதான் பம்பின் பெயர் நியாயமாக வரும்.

இடமும் முக்கியம். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ இரண்டு ஹீட்டர் பிளக் செத்துக் கிடந்தாலும் எஞ்சின் சமாளித்துப் பிடித்துவிடும், உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது. அதே வாகனத்தை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் ஒரு இரவு நிறுத்தினால் உண்மை வெளியே வந்துவிடும். “மலைக்குப் போனதிலிருந்துதான் கோளாறு” என்பவர்களின் வாகனத்தில் கோளாறு முன்பே இருந்திருக்கும்.

சைலன்சரைப் பாருங்கள்

செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். எந்தப் புகையும் வரவில்லை என்றால் டீசல் எஞ்சினுக்குள் போகவே இல்லை. ஹீட்டர் பிளக்கை ஆராய்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம், நேரே டீசல் பக்கம் போங்கள். வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து கண்ணை எரித்தால் டீசல் போகிறது, எரியவில்லை: சூடு போதவில்லை, அமுக்கம் போதவில்லை, அல்லது பீச்சும் நேரம் பிந்தியிருக்கிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்றுக் குறைவு; எயார் பில்டரையும் ஒழுகும் நொசிலையும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகம்) பாருங்கள். நீலம் ஒயில். வெள்ளை நீராவி போல இலேசான இனிப்பு மணத்தோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

செலவில்லாத இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

பற்றரியும் ஸ்டார்ட்டரும்

மெதுவாகச் சுற்றும் டீசல் எஞ்சின் பிடிக்காது. அமுக்கும் காற்றின் சூடு சிலிண்டர் சுவருக்குள் போய்விடும். “சுத்துதுதானே” என்பது போதாது, வேகமாகச் சுற்ற வேண்டும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு நின்ற பற்றரியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இனி பம்பின் மேல் பக்கத்தில் உள்ள டீசல் கட் சொலினாய்டின் (மின்சாரம் இல்லாதபோது டீசலை அடைக்கும் வால்வு) ஒற்றை வயரைக் கழற்றி, நுனி எங்கும் படாமல் டேப் சுற்றி வையுங்கள். எஞ்சின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும். செல்ஃப் அடிக்கும்போது பற்றரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் பற்றரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது.

வோல்ட் நன்றாக இருந்தும் சோம்பலாகச் சுற்றினால் கேபிள். மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் மோசம். பிளஸ் பக்கம், பற்றரியிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை, 0.5க்கு மேல் போகக் கூடாது. முப்பது வயதான வாகனங்களில் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டி துருப்பிடித்து, சில இடங்களில் இல்லாமலே போயிருக்கும். புதுப் பற்றரி வாங்கிய பிறகும் அதே கதை என்றால் பெரும்பாலும் இதுதான்.

ஒரு தடவைக்கு 10, 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இடையில் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள்.

ஹீட்டர் பிளக்

டாஷ்போர்டில் ஹீட்டர் லைட் எரிந்து அணைவதை நம்ப வேண்டாம். பிளக் நான்கும் செத்திருந்தாலும் அந்த லைட் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். அது நேரத்தைத்தான் காட்டுகிறது, பிளக்கின் உயிரை அல்ல.

நான்கு பிளக்கையும் இணைக்கும் உலோகப் பட்டியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். நல்ல பிளக் மிகக் குறைவாக, ஒரு ஓம் அளவில் காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் பிளக் உள்ளே அறுந்துவிட்டது. பிளக் நன்றாக இருந்தால், சாவி போட்டதும் அந்தப் பட்டிக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்; வராவிட்டால் ரிலே, பியூஸ் லிங்க், டைமர்.

மாற்றும்போது கவனம் தேவை. டொயோட்டாவின் சில ஹீட்டர் அமைப்புகளில் 12 வோல்ட்டுக்குக் குறைந்த பிளக்குகளே வரும், ஏனென்றால் டைமர் அவற்றை வேகமாகச் சூடாக்கிப் பிறகு மின்சாரத்தைக் குறைக்கும். கடையில் “எல்லாம் ஒண்டுதான்” என்று எடுத்துத் தரும் பிளக் தவறானதாக இருந்தால் ஒன்று உருகும், இல்லையேல் சூடாகாது. கழற்றிய பிளக்கில் உள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். டைமரைத் தூக்கி எறிந்துவிட்டுத் தனிப் பட்டன் போட்ட வாகனங்களும் நிறைய உண்டு. பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பழகியவரின் எஞ்சினில் பிளக் நுனி வீங்கியிருக்கும், இழுக்கும்போது உடைந்து உள்ளே விழலாம். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு, மெதுவாகக் கழற்றுங்கள்.

ஈதர் ஸ்பிரே, பெற்றோல் நனைத்த துணி, இரண்டையும் ஹீட்டர் உள்ள எஞ்சினின் காற்றுக் குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். சூடான பிளக்கில் பட்டு நேரம் தப்பி வெடித்தால் பிஸ்டன் உடையும்.

காற்று: பெரும்பாலானோர் தவறவிடும் இடம்

என் கணிப்பில், ‘பம்ப் போயிட்டுது’ என்று முடிவு கட்டப்படும் பழைய ஹைலக்ஸ்களில் பெரும்பகுதிக்கு உண்மையான நோய் இதுதான். இந்த எஞ்சினில் தாங்கியில் மோட்டர் கிடையாது. பம்புக்குள் இருக்கும் சிறிய விசிறிப் பம்ப்தான் தாங்கியிலிருந்து பில்டர் வழியாக டீசலை உறிஞ்சி எடுக்கிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவில் செவ்விளநீர் குடிப்பது போலத்தான்: வழியில் எங்கே சின்ன ஓட்டை இருந்தாலும் காற்றுத்தான் வரும். உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது. கீழே ஈரமில்லை, அதனால் லீக் இல்லை என்று எல்லோரும் ஏமாறுவது இப்படித்தான்.

பில்டரின் தலையில் ஒரு கைப்பம்ப் இருக்கும். காலையில் சாவி போடும் முன் அதை அழுத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு அழுத்தில் இறுகினால் லைனில் டீசல் நிற்கிறது. இருபது முப்பது தடவை பொசுக்குப் பொசுக்கென்று போய், அதன்பின் இறுகி, இறுகிய பிறகு எஞ்சின் ஒரே அடியில் பிடித்தால் நோய் பிடிபட்டுவிட்டது. இனி ஓட்டையைத் தேடுவதுதான் வேலை.

ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸ் ஒரு முழம் வாங்கி, பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸின் இடத்தில் தற்காலிகமாகப் போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். தொடர்ந்து குமிழ் ஓடினால் பில்டரிலோ அதற்கு முன்னேயோ காற்று ஏறுகிறது. ஓடும்போது சுத்தமாக இருந்து, இரவு நின்று காலையில் ஹோஸ் வெறுமையாக இருந்தால் மெல்லிய கசிவு.

பிறகு போத்தல் சோதனை. சுத்தமான கானில் நல்ல டீசல் ஊற்றி, எஞ்சினைவிட உயரத்தில் உறுதியாக வைத்து, அதிலிருந்து நேரே பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். பம்பின் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கானுக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் கான் சீக்கிரம் காலியாகும். ஓடும்போது கானை எக்சோஸ்ட் பக்கம் வைக்காதீர்கள். இப்படிக் காற்றெடுத்து ஓடவிட்டு, இரவு முழுக்க அப்படியே நிறுத்திக் காலையில் அடித்துப் பாருங்கள். ஒரே அடியில் பிடித்து, நின்ற இடத்து உதறலும் போய்விட்டதென்றால் பம்ப் குற்றவாளி இல்லை. தாங்கிக்கும் பம்புக்கும் நடுவேதான் பிழை.

காற்று ஏறும் வழக்கமான இடங்கள் சில உண்டு. முதலாவது அந்தக் கைப்பம்ப்பேதான். உள்ளே உள்ள ரப்பர் வெடித்திருக்கும். அடுத்து பில்டரின் அடியில் உள்ள தண்ணீர் வடிக்கும் திருகும் சென்சரின் ஓ-ரிங்கும். பில்டர் மாற்றும்போது பழைய ரிங்கையே திரும்பப் போட்டிருப்பார்கள். தாங்கியின் மேல் உலோகக் குழாய் துருப்பிடித்து ஊசித்துவாரம் விழுந்திருக்கும், இதைப் பார்க்கத் தாங்கியை இறக்க வேண்டி வரும். சேசிஸ் ஓரம் போகும் ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். கிளிப் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, பம்பின் மேல் அக்சிலேட்டர் நெம்பு ஆடும் தண்டு. அங்கே டீசல் ஈரம் தெரிந்தால் உள்ளே உள்ள ஓ-ரிங் தேய்ந்துவிட்டது; ஓடும்போது டீசல் வெளியே வரும், நிறுத்தியதும் காற்று உள்ளே போகும்.

சரிசெய்த பிறகு காற்றெடுக்க: கைப்பம்ப் இறுகும்வரை அழுத்துங்கள், நொசில் பக்கத்துப் பைப் நட் நான்கையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், செல்ஃப் அடித்து டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

டீசலே வரவில்லை என்றால்

சைலன்சரில் புகையே இல்லாத வாகனத்தில் முதலில் டீசல் கட் சொலினாய்ட். சாவியை ஒன் செய்யும்போது பம்பின் அருகே ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வருகிறது, ஆனால் சத்தமில்லை என்றால் சொலினாய்ட் போய்விட்டது, மலிவான சாமான்தான்.

பில்டர் அடியில் உள்ளதை ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். கறுப்புச் சேறு வந்தால் பில்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை, தாங்கியைக் கழுவ வேண்டும்.

நின்ற இடத்து உதறல்

உதறலில் இரண்டு வகை உண்டு. ஆர்பிஎம் ஏறி இறங்கி ஏறி இறங்கி அலைவது ஒன்று. அது காற்று, அடைத்த பில்டர், அல்லது பம்பின் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி). வேகம் மாறாமல் ஒரே தாளத்தில் ‘டக், டக்’ என்று குலுங்குவது மற்றது. அது ஒரு சிலிண்டர் வேலை செய்யாதது. இன்னொன்றும் உண்டு, எஞ்சின் நன்றாக ஓடும், மவுன்ட் ரப்பர் மட்டும் கிழிந்திருக்கும். பொனட்டைத் திறந்து எஞ்சினையே பார்த்தால் தெரியும். ஐடில் 700 முதல் 800க்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். 600க்குக் கீழே இறங்கினால் இந்த எஞ்சின் எப்படியும் உதறத்தான் செய்யும்.

ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பட்டால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, 17 அளவு ஸ்பனர் ஒன்றும் ஒரு தடித்த துணியும் எடுங்கள். எஞ்சின் ஐடிலில் ஓட, ஒவ்வொரு நொசிலின் பைப் நட்டையும் ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி, திரும்ப இறுக்குங்கள். தளர்த்தியதும் எஞ்சின் மேலும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். தளர்த்தியதும் ஒரு கடுமையான தட்டல் சத்தம் மறைந்தால் அந்த நொசில் ஒழுகுகிறது. பீச்சும் டீசலின் எதிரே கையை வைக்கவே வேண்டாம். நொசில் நுனியிலிருந்து வரும் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலச் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

செத்த சிலிண்டரின் நொசிலைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். இந்த நொசில்கள் திருகு வகை, 27 அளவு நீள சாக்கெட் வேண்டும். அடியில் உள்ள வாஷர்கள் புதிதாக இருக்க வேண்டும். நோயும் நொசிலோடு இடம் மாறினால் நொசில்தான். நான்கையும் பம்ப் ரூமில் கொடுத்துத் திறக்கும் அழுத்தம், தூவல், ஒழுகல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நோய் அதே சிலிண்டரில் நின்றால் அடுத்தது அமுக்கம்.

அமுக்கமும் வால்வும்

அமுக்கம் பார்க்க டீசலுக்கான கேஜ் வேண்டும், பெற்றோல் கேஜ் உடைந்துவிடும். சொலினாய்ட் வயரைக் கழற்றி, ஹீட்டர் பிளக் நான்கையும் எடுத்துவிட்டு, முழுப் பற்றரியோடு பார்க்க வேண்டும். 3எல் எஞ்சினில் நல்ல நிலையில் சதுர சென்டிமீட்டருக்கு 32 கிலோ. 20க்குக் கீழே போனால் எஞ்சின் வேலைதான். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5 கிலோவைத் தாண்டக் கூடாது.

குறைவாக இருந்தால் உடனே எஞ்சினை இறக்க வேண்டாம். வால்வு இடைவெளியை அளந்து பாருங்கள். குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.20 முதல் 0.30 மிமீ, எக்சோஸ்ட் 0.40 முதல் 0.50 மிமீ. ஓட ஓட இந்த இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் போகும். சரிசெய்ய ஷிம் (தடிப்பு வேறுபடும் சிறிய உலோகத் தகடு) மாற்ற வேண்டும், திருகி இறுக்கும் வகை அல்ல. அதனாலேயே பல கராஜ்களில் இதைத் தொடுவதில்லை.

காலையில் பிடித்த உடனே ஒரு சிலிண்டர் மிஸ்ஸாகி, இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை அடித்து, ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால் இரவில் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து குமிழ் வருகிறதா பாருங்கள். குமிழ் தொடர்ந்து வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட். இந்த வாகனத்தைத் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ரொட் வளையும்.

டைமிங் பெல்ட்

கோளாறு பெல்ட் மாற்றிய அடுத்த நாளிலிருந்து தொடங்கியதா? அப்படியானால் மேலே உள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே இங்கே வாருங்கள். இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்டையும் டீசல் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. பம்ப் புல்லி ஒரு பல் பிந்தினால் வெள்ளைப் புகையும் தாமத ஸ்டார்ட்டும், முந்தினால் கடுமையான தட்டல். அடையாளங்கள் நேரே நிற்கின்றனவா என்று மூடியைக் கழற்றிப் பார்த்தால் போதும். பெல்ட்டின் ஆயுள் 100,000 கிலோமீட்டர். பழைய பெல்ட் உள்ள வாகனத்தைத் தள்ளியோ இழுத்தோ ஸ்டார்ட் செய்வது ஆபத்து. பல் தாவினால் வால்வு பிஸ்டனில் மோதும்.

கடைசியில்தான் பம்ப்

சூடான பிறகு பிடிக்க மறுக்கும் வாகனம். ஸ்டார்ட்டர் சூட்டிலும் வேகமாகச் சுற்றுகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால், எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆற விடுங்கள். வாளியால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஓடும் பம்பில் குளிர்நீர் பட்டால் இறுகிவிடலாம். பம்ப் ஆறியதும் உடனே பிடித்தால் பம்பின் ஹெட்டும் ரோட்டரும் தேய்ந்துவிட்டன. சூட்டில் டீசல் இளகி, செல்ஃப் வேகத்தில் எழும் அழுத்தம் உள்ளேயே கசிந்து போகிறது. இதற்கு வேறு வழி இல்லை, பம்ப் ரூம்தான்.

கழற்றும் முன் பம்பின் விளிம்பும் எஞ்சின் உறையும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறி வையுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பம்பைச் சற்றுத் திருப்பினாலே டைமிங் மாறும் என்பதால், திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி. பம்ப் ரூமில் கொடுக்கும்போது நொசில் நான்கையும் சேர்த்தே கொடுங்கள். கழற்றிய பழைய ஹெட்டைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், பெஞ்சில் ஏற்றிய பிறகு ஐடிலிலும் முழு வேகத்திலும் நான்கு வழியிலும் எவ்வளவு டீசல் வந்தது என்ற அளவை எழுதி வாங்குங்கள். நான்கு வழியும் ஒரே அளவாக இல்லாத பம்பைப் பூட்டினால் உதறல் அப்படியேதான் இருக்கும்.